எம்.டெஸ். சேரும் முன் எதை எடை போட வேண்டும்?

#1 கவின்கலை26

வணக்கம். பி.எஃப்.ஏ. (இளநிலைக் கவின்கலை) காட்சித் தொடர்பு வடிவமைப்பு, இறுதியாண்டு. எம்.டெஸ். (முதுகலை வடிவமைப்பு) மாதிரி மேற்படிப்புக்கு நாலு வழி தெரிகிறது. சீட் (CEED, முதுகலை வடிவமைப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதி ஐஐடி, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், "100% வேலைவாய்ப்பு" என்று விளம்பரம் செய்யும் ஒரு தனியார் பல்கலைக்கழகம், கடன் வாங்கி வெளிநாட்டில் ஓராண்டு எம்.ஏ. நாலு இணையதளமும் ஒரே குரலில்தான் பேசுகின்றன: ஸ்டூடியோ வழிக் கற்றல், தொழில்துறைத் தொடர்பு, பன்முக அணுகுமுறை. எதை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது? தரவரிசையைத் தவிர வேறு அளவுகோல் உண்டா?

#2 எண்கணக்கன்

தரவரிசையை முதலில் ஓரங்கட்டுங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியலில் பொறியியல், மேலாண்மை, சட்டம், கட்டடக்கலை எல்லாவற்றுக்கும் தனிப் பிரிவு உண்டு, வடிவமைப்புக்கு இல்லை. ஒரு ஐஐடி பொறியியலில் மூன்றாவது என்றால், அந்த எண்ணுக்கும் அங்குள்ள வடிவமைப்புத் துறைக்கும் சம்பந்தமே கிடையாது.

க்யூஎஸ் உலகத் தரவரிசைப் பட்டியலில் கலை, வடிவமைப்பு என்று தனிப் பாடம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கருத்துக்கணிப்பு. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் பத்தாண்டாக அதில் முதலிடம். 2022-ல் அங்கே பெரும்பாலான எம்.ஏ. படிப்புகளை இரண்டாண்டிலிருந்து ஓராண்டாக்கினார்கள். 240 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) 180 ஆயிற்று, இடம் மட்டும் அசையவில்லை. கால்வாசிப் படிப்பு காணாமல் போனதே பதிவாகாத தராசு அது.

அதைவிட உருப்படியான வேலை, கிரெடிட்டை மணி நேரமாக மாற்றிப் பார்ப்பது. பிரிட்டனில் 1 கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. ஐரோப்பிய இசிடிஎஸ் முறையில் 25 முதல் 30 மணி. அமெரிக்காவில் 15 வார செமஸ்டரில் வாரம் 1 மணி வகுப்பும் 2 மணி வெளிவேலையும் சேர்ந்து 45 மணி. இந்தியத் தேசிய கிரெடிட் சட்டகத்தில் 30 மணி.

இப்போது பெருக்குங்கள். லண்டன் ஓராண்டு எம்.ஏ.: 180 × 10 = 1,800 மணி. ஜெர்மனியில் 120 இசிடிஎஸ் முதுகலை: 3,000 முதல் 3,600 மணி. அமெரிக்காவில் என்.ஏ.எஸ்.ஏ.டி. (கலை, வடிவமைப்புப் பள்ளிகளுக்கான அமைப்பு) அங்கீகாரம் பெற்ற எம்.எஃப்.ஏ. (முதுகலைக் கவின்கலை) குறைந்தது 60 கிரெடிட் இருக்க வேண்டும், அதாவது 2,700 மணி. அதே அமைப்பின் கணக்கில் எம்.ஏ.வுக்கு 30 கிரெடிட் போதும், பாதிதான். ஒரு இந்திய எம்.டெஸ். 80 கிரெடிட் என்று போட்டிருந்தால் 2,400 மணி. அடுத்து மொத்தச் செலவை (கட்டணம், விடுதி, பொருட்செலவு, விசா) இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். நாலு படிப்பையும் ஒரே அலகில் ஒப்பிட இதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

#3 கோடும்வெளியும்

எண்கணக்கன் கணக்கு சரி. ஆனால் அது காகிதத்தில் உள்ள நேரம். நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதும் அதில் சேர்த்திதான். வடிவமைப்புப் படிப்பில் விலைமதிப்புள்ளது ஒன்றே ஒன்று: உங்கள் வரைவை மேசைமேல் வைத்து, விஷயம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசும் நேரம். அதை நீங்களே கணக்கிடலாம்.

வகுப்பில் 24 பேர், ஒரே ஆசிரியர், நாலு மணி நேர ஸ்டூடியோ. 240 நிமிடத்தை 24-ஆல் வகுத்தால் தலைக்குப் 10 நிமிடம். அறிமுகத்துக்கு இரண்டு நிமிடம் போனால் பேச எட்டு. 12 பேருக்கு இரண்டு ஆசிரியர் என்றால் அதே நாலு மணியில் 40 நிமிடம். இரண்டு படிப்புக்கும் கையேட்டில் "ஸ்டூடியோ, 6 கிரெடிட்" என்றுதான் இருக்கும்.

ஆசிரியர் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். முப்பது படம் போட்டிருப்பார்கள், அதில் எத்தனை பேர் நிரந்தரம் என்று எண்ணுங்கள். வருகைதரு ஆசிரியர்கள் ஒன்றிரண்டு வாரம் வந்து ஒரு மாட்யூல் (குறுகிய காலப் பாடப் பகுதி) எடுத்துவிட்டுப் போவார்கள். அது கெட்டதல்ல, தொழிலில் இருப்பவர்களிடம் கற்பது நல்லதே. ஆனால் ஒரு செமஸ்டர் முழுக்க மாட்யூலாகவே ஓடினால், முதல் வாரம் செய்த பிழையைப் பத்தாம் வாரமும் செய்கிறீர்கள் என்று சொல்ல ஆளிருக்காது. ஒவ்வொருவரும் உங்களைப் புதிதாகப் பார்க்கிறார்கள், புதிதாகப் பாராட்டுகிறார்கள். இறுதித் திட்டத்தின்போது யார் கைகாட்டுவார், அவர் கையில் அந்த ஆண்டு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் என்றால் பரவாயில்லை. பதினைந்து என்றால் கையெழுத்துப் போடத்தான் நேரமிருக்கும்.

#4 பட்டறைவாசி

பட்டறையைப் பத்தி யாருமே பேசலையே. "அதிநவீன ஆய்வகம்"னு படம் போட்டிருப்பாங்க. படத்துல மெஷின் இருக்கும், பக்கத்துல ஆள் இருக்காது. அதைத்தான் கவனிக்கணும். டெக்னீஷியன் இல்லாத பட்டறை பூட்டின பட்டறை.

லேசர் கட்டர் ஒண்ணு, மாணவர் 40 பேர்னு வைங்க. ஜூரிக்கு (வேலையை மதிப்பிடுற குழு முன்னாடி வைக்குற நாள்) முந்தின பத்து வேலை நாள்லதான் எல்லாரும் வருவாங்க. நாளுக்கு 8 மணி, மொத்தம் 80 மணி, தலைக்கு 2 மணி. 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில ஒரு மாதிரி வெட்டி, தப்பு கண்டுபிடிச்சு, திருத்தி மறுபடி வெட்ட அது பத்தாது. அதனால ஒரே தடவை வெட்டி அதையே ஜூரியில வைப்பாங்க. திருத்தாத வேலைதான் வெளிய வரும். இடம் தெரிஞ்ச மாணவர்கள் வெளிக் கடைக்குப் போவாங்க, அந்தச் செலவு கட்டணப் பட்டியல்ல இருக்காது. (லேசர்ல பி.வி.சி. ஷீட் போட விடுறாங்களான்னும் பாருங்க. விடுறாங்கன்னா அங்க பொறுப்பா ஆளே இல்லைன்னு அர்த்தம். குளோரின் கலந்த புகை வரும், மெஷினும் துருப்பிடிக்கும், நுரையீரலும் போகும்.)

பீங்கான் பிரிவுன்னா சூளை எத்தனைன்னு கேளுங்க. ஒரு மின்சூளையில முதல் சுடல் சுமார் 1,000 டிகிரி, ஏத்தவே எட்டுப் பத்து மணி நேரம். திறக்குற அளவுக்கு ஆற இன்னும் ஒரு நாள். ஆக வாரத்துக்கு மூணு சுடல்தான் ஓட்ட முடியும். ஒரு பாத்திரம் காய ஒரு வாரம், முதல் சுடல், மெருகுப் பூச்சு, 1,200-க்கு மேல இரண்டாவது சுடல். எல்லாம் சேர்த்து ரெண்டு மூணு வாரத்துக்குக் குறைவா முடிவு கையில வராது. நாலு வார மாட்யூல்னா ஒரே ஒரு சுற்று. மெருகு ஏன் வழிஞ்சது, ஏன் கொப்புளம் வந்ததுன்னு தெரிஞ்சுக்கும்போது மாட்யூல் முடிஞ்சிருக்கும்.

#5 ஊடும்பாவும்

துணிப் பிரிவுக்கும் இதே கதைதான். தறி எத்தனை என்பதைவிட, தறியில் யார் பாவு (நீளவாட்டு இழை) ஏறியிருக்கிறது என்பது முக்கியம். 20 அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு 24 இழை வைத்தால் 480 இழை. ஒவ்வொன்றையும் விழுதில் கோத்து அச்சில் இழுக்க, பழகாத கைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரண்டு பேர் ஒரு தறியைப் பகிர்ந்தால் ஒருவர் பாவை இன்னொருவர் நெய்ய வேண்டும், சொந்த நிறவரிசை போடவே முடியாது. எட்டு மிதி மாதிரித் தறி ஆளுக்கு ஒன்று என்றால்தான் பாவில் ஒரு மாற்றம், ஊடையில் (குறுக்கு இழை) ஒரு மாற்றம் என்று நாலைந்து மாதிரி பார்க்கலாம்.

சாயப் பட்டறை இருந்தால் கழிவுநீர் எங்கே போகிறது என்றும் விசாரியுங்கள். வழி இல்லாத இடத்தில் சாயப் பாடத்தைச் சத்தமில்லாமல் திரையில் நிறம் மாற்றும் பாடமாக ஆக்கிவிடுவார்கள்.

#6 கவின்கலை26

எல்லாருக்கும் நன்றி. ஆனால் நேரில் போய்ப் பார்க்க வழியில்லாதவர் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? மின்னஞ்சல் அனுப்பினால் கையேட்டைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

#7 கோடும்வெளியும்

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "பட்டறை வசதி எப்படி?" என்று கேட்காதீர்கள். "இந்த செமஸ்டருக்கான இரண்டாமாண்டு கால அட்டவணையை அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். ஒரே தாள்தான், ஆனால் அதில் எல்லாம் இருக்கும்: ஸ்டூடியோ எத்தனை மணி, எடுப்பவர் நிரந்தரமா வருகைதருவா, பட்டறை மாலை 5-க்குப் பூட்டுமா, வேறு வகுப்போடு சேர்த்து எடுக்கிறார்களா. அனுப்ப மறுத்தால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பழைய மாணவர்களின் திட்ட அறிக்கைகள். ஐஐடி பம்பாயின் வடிவமைப்புத் துறையான ஐடிசி (1969-ல் தொடங்கியது) தன் மாணவர் திட்டங்களை இணையத்தில் போடுகிறது. அவர்களே குவஹாத்தி ஐஐடியோடும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடும் சேர்ந்து நடத்திய டி'சோர்ஸ் தளத்திலும் நிறைய இருக்கிறது. மற்ற இடங்களில் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பிரிவில் மூன்று அறிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விருது வாங்கியவை வேண்டாம், சாதாரணமானவை போதும்.

படிக்கும்போது முதலில் கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். செய்த பொருளை யாரிடமாவது கொடுத்துச் சோதித்தார்களா? எத்தனை பேரிடம்? எது வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறார்களா? சோதனையே இல்லாமல் "எதிர்காலப் பணிகள்" என்று ஒரு பக்கத்தோடு முடிந்தால், மூன்று அறிக்கையும் அப்படியே முடிந்தால், நேரப் பற்றாக்குறை அந்தத் துறையின் பழக்கம். பிறகு நடுவே பாருங்கள். முதல் மாதிரிக்கும் கடைசி மாதிரிக்கும் நடுவில் எத்தனை உருவம்? ஐந்து வரைபடம் போட்டு "கருத்து 3 தேர்வு செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் தாவினால், ஏன் மூன்று என்று வழிகாட்டி கேட்கவே இல்லை. முதல் நாற்பது பக்கம் இணையத்தில் திரட்டிய பின்னணித் தகவல் என்றால் புரட்டிவிட்டுப் போகலாம், அது எல்லா இடத்திலும் உள்ள நோய்.

#8 எண்கணக்கன்

"100% வேலைவாய்ப்பு" பற்றி. வகுத்தி எது என்று கேளுங்கள். மாதிரிக்கு: வகுப்பில் 60 பேர். முனைவர் படிப்பு, சொந்தத் தொழில், வீட்டுக் காரணம் என்று 20 பேர் பதிவு செய்யவில்லை. பதிவு செய்த 40-ல் ஜிபிஏ குறைவு என்று 4 பேரை நீக்கிவிட்டார்கள். மீதி 36 பேருக்கும் வேலை. விளம்பரத்தில் 100%. வகுப்பை வைத்துப் பார்த்தால் 60%. இரண்டும் பொய்யல்ல, அதுதான் தந்திரம்.

சராசரி சம்பளம் வேண்டாம், இடைநிலை கேளுங்கள். அதையும் பிரிவுவாரியாக. பெரும்பாலான இடங்களில் மென்பொருள் நிறுவனங்களின் யுஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலைதான் எண்ணைத் தூக்கி நிறுத்துகிறது. இன்டராக்‌ஷன் பிரிவு வாங்கும் சம்பளத்தைக் காட்டிப் பீங்கான் பிரிவுக்கு ஆள் சேர்ப்பார்கள். சிடிசியில் (நிறுவனம் சொல்லும் மொத்த ஆண்டுச் சம்பளக் கணக்கு) சேரும் போனஸ், பங்கு, ஒருமுறை இடமாற்றச் செலவு எல்லாவற்றையும் கழித்து, மாதம் கையில் வருவது என்ன என்று பாருங்கள். லிங்க்ட்இன்னில் அந்தப் படிப்பை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு முன் முடித்தவர்களைத் தேடி, இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று இருபது பேரைப் பட்டியலிடுங்கள். முதல் வேலை கல்லூரி பிடித்துக் கொடுப்பது. மூன்றாவது வேலை அவர்கள் கற்றதைக் காட்டும்.

#9 வழிப்போக்கன்_மதுரை

யாரும் தொடாத ஒன்று: ஆசிரியர் வேலைக்குப் போகும் எண்ணம் உண்டா? பி.எஃப்.ஏ. படித்த நிறையப் பேர் கடைசியில் கல்லூரியில் கற்பிக்கத்தான் போகிறார்கள். அப்படியென்றால் கணக்கே வேறு.

யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியருக்குப் பொதுவாக முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது மாநில செட் தேர்ச்சியும் வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது விஷுவல் ஆர்ட் தாள், குறியீடு 79. அதில் பயன்பாட்டுக் கலை விருப்பப் பகுதியாக வருகிறது. ஆனால் கலை வரலாறு, அழகியல் எல்லாருக்கும் பொது. எம்.டெஸ். பாடத்திட்டத்தில் அவை அநேகமாக இருக்காது. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைப் புலம் (1950 முதல்) தரும் எம்.வி.ஏ. (முதுகலைக் காட்சிக்கலை), சாந்திநிகேதன் கலா பவனம் தரும் எம்.எஃப்.ஏ. மாதிரிப் படிப்புகளில் இருக்கும். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் ஆசிரியராகச் சேர நினைப்பவர், அங்கே வந்த பழைய பணி அறிவிப்புகளில் எந்தப் பட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

வெளிநாட்டு ஓராண்டுப் பட்டத்தை இந்தியாவில் ஏற்பது பல காலம் இழுபறியாக இருந்தது. பிரிட்டனுடன் 2022 ஜூலையில் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் ஆன பிறகு அங்கிருந்து வருபவர்களுக்கு வழி பிறந்தது. மற்ற நாட்டு ஓராண்டுப் படிப்புக்கு இதையே வைத்துப் பேசாதீர்கள். தனியார் விஷயத்தில் இன்னொன்று: மதிப்பெண் பட்டியலில் "பட்டம்" என்று இருக்குமா "டிப்ளமோ" என்று இருக்குமா, எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். அகமதாபாத்திலேயே 2014 சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் வழங்கும் அதிகாரம் வந்தது, அதற்கு முன் முதுகலை டிப்ளமோதான். பெயருள்ள இடம் என்பதால் அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. பெயரில்லாத இடத்தில் கண்டுகொள்வார்கள்.

#10 கடல்தாண்டி

வெளிநாடு பார்ப்பவர்களுக்கு மூன்று நாட்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்கா: படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், சிஐபி (படிப்பை வகைப்படுத்தும் அரசு எண்) குறியீட்டைப் பாருங்கள். சேர்க்கைக்குப் பின் வரும் ஐ-20 என்னும் மாணவர் விசாப் படிவத்தில் இருக்கும், முன்கூட்டியே துறைக்கு எழுதிக் கேட்டாலும் சொல்வார்கள். படிப்புக்குப் பின் 12 மாதம் வேலைப் பயிற்சி அனுமதி எல்லாருக்கும் உண்டு. குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். 30.3101 மனித-கணினி ஊடாட்டமும், 11.0105 மனிதமையத் தொழில்நுட்ப வடிவமைப்பும் பட்டியலில் உள்ளன. 50.0409 கிராஃபிக் டிசைனும் 50.0404 தொழில்துறை வடிவமைப்பும் இல்லை. ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கும் இரண்டு படிப்புக்கு இரண்டு குறியீடு இருக்கலாம். கடன் அடைக்கும் கணக்கில் ஒரு வருடத்துக்கும் மூன்று வருடத்துக்கும் உள்ள தூரம் அது.

ஜெர்மனி: அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் (கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) சான்றிதழ் கட்டாயம், அதை முதலில் தொடங்குங்கள். எண்கணக்கன் சொன்ன 120 இசிடிஎஸ் எல்லா இடத்திலும் இல்லை. அங்கே இளநிலை ஏழு செமஸ்டர், 210 இசிடிஎஸ் என்று உள்ள கல்லூரிகளில் முதுகலை மூன்று செமஸ்டர், 90 இசிடிஎஸ்தான். மூன்றாண்டு பட்டம் வைத்திருப்பவர் அங்கே 30 இசிடிஎஸ் குறைவு என்று நிறுத்தப்படலாம். நாலாண்டு பி.எஃப்.ஏ.வுக்குச் சிக்கல் குறைவு. பெரும்பாலான ஸ்டூடியோ பேச்சு ஜெர்மனில்தான். "ஆங்கிலப் படிப்பு" என்று போட்டிருந்தாலும் பட்டறை டெக்னீஷியனிடம் ஜெர்மன் பேசாமல் ஒரு பலகைகூட அறுக்க முடியாது.

பிரிட்டன்: படிப்புக்குப் பின் தங்கும் அனுமதி இரண்டாண்டாக இருந்தது, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம் என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது ஓராண்டுப் படிப்பில் சேர்பவர் இந்தத் தேதியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

#11 எழுத்துரு_பித்தன்

ஒரு சின்னக் குறுக்கீடு. தமிழ் எழுத்துரு வரைய ஆசைப்படுபவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பெரிதாகப் பொருந்தாது. அதற்கென்று உள்ள படிப்புகளை விரல்விட்டு எண்ணலாம். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எழுத்துரு வடிவமைப்பு எம்.ஏ., ஹேக் நகரத்தின் டைப் அண்ட் மீடியா, இரண்டும் ஓராண்டு. ரெடிங்கில் லத்தீன் அல்லாத எழுத்துகளின் பழைய அச்சு ஆவணங்கள் இருக்கின்றன, அதற்காகவே போகலாம். இந்தியாவில் ஐடிசி. ரூபாய்க் குறியீட்டை (2010) வரைந்த உதயகுமார் அங்கே முனைவர் ஆய்வு செய்தது தமிழ் எழுத்துருவியலில்தான்.

இந்தப் படிப்புகளை எடை போட ஒரே கேள்வி போதும்: ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் எழுத்தோடு எப்படி இடைவெளி பெற வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் ஸ்டூடியோவில் யாராவது இருக்கிறாரா? இல்லையென்றால், லத்தீன் எழுத்தின் தடிமன் விதியைத் தமிழுக்கு மாட்டி அனுப்பிவிடுவார்கள். ணையும் னையும் சிறிய அளவில் அடைத்துப்போய், படிப்பவன் கண்தான் நோகும்.

#12 பட்டறைவாசி

நிறுவனம் காசு கொடுக்குற இறுதித் திட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். ஆறு மாசம் ஒரு கம்பெனியில உட்கார்ந்து செய்வாங்க, மாச உதவித்தொகை வரும், நல்லாத்தான் இருக்கும். ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிடுவாங்க. படிப்பு முடிஞ்சதும் போர்ட்ஃபோலியோவுல அந்த வேலையைக் காட்ட முடியாது. ரெண்டு வருஷப் படிப்போட உச்சமே காணாமப் போயிடும். கையெழுத்துக்கு முன்னாடி "பொருள் சந்தைக்கு வந்த பிறகோ, 12 மாதம் கழித்தோ, எது முந்தியோ, அப்போது காட்டலாம்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. கல்லூரி உங்க பக்கம் நின்னு இதைக் கேட்குமா, மாணவரையே தனியா பேச விடுமா? கல்லூரியை அளக்க இதைவிட நல்ல இடம் இல்ல.

#13 வழிப்போக்கன்_மதுரை

பட்டறைவாசி சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிவமைப்புச் சட்டம், 2000: வெளியே காட்டிவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது, பிரிவு 4. கல்லூரியின் ஆண்டிறுதிக் கண்காட்சி "வெளியே காட்டுவது"தான். கண்காட்சிக்கு விலக்கு தரும் பிரிவு 21 உண்டு, ஆனால் அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும், அதுவும் முன்னறிவிப்புக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால். கல்லூரி வளாகக் கண்காட்சி அதில் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். திரைச்சீலை விலகும் முன் விண்ணப்பித்துவிடுவது நல்லது. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், பாதுகாப்பு 10 ஆண்டு, புதுப்பித்தால் மேலும் 5.

பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை இருக்கிறதே என்பார்கள். பதிவுக்குத் தகுதியான வடிவத்தைப் பதிவு செய்யாமல் தொழிற்சாலை முறையில் 50 பிரதிக்கு மேல் செய்துவிட்டால் அந்தப் பதிப்புரிமையும் போய்விடும், பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 15(2). மற்றவருக்காகப் பணம் பெற்றுச் செய்த வடிவத்தின் உரிமையாளர் அந்த மற்றவர்தான். ஆகவே உதவித்தொகை என்ற பெயரில் வருவது எதற்கான பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையை சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால், கொள்கை இல்லை என்று பொருள்.

#14 கவின்கலை26

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. தனியார் பல்கலைக்கழகத்துக்குக் கால அட்டவணை கேட்டு எழுதிவிட்டேன். அடுத்த குழப்பம் சீட் தேர்வு. பி.எஃப்.ஏ.வுக்கு எல்லா இடமும் திறந்திருக்கிறதா? சீட் ஒன்று எழுதினால் எல்லா ஐஐடிக்கும் கலந்தாய்வு ஒன்றேதானா?

#15 கோடும்வெளியும்

இல்லை. சீட் மதிப்பெண் ஒன்றுதான், விண்ணப்பம் இடத்துக்கு ஒன்று. மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டும் செல்லும். ஒவ்வொரு நிறுவனமும் தானே விண்ணப்பம் வாங்கி, தானே நேர்காணலோ வரைதல் தேர்வோ வைக்கும். ஜனவரியில் தேர்வு எழுதிவிட்டு மார்ச்சில் அசந்துவிட்டால், ஏதாவது ஓரிடத்தின் கடைசித் தேதி போயிருக்கும்.

பெங்களூரு ஐஐஎஸ்சியின் எம்.டெஸ். பொறியியல், கட்டடக்கலை போன்ற பட்டங்களைத்தான் கேட்கும், பி.எஃப்.ஏ. போதாது. ஐஐடி பம்பாயிலேயே பிரிவுக்குப் பிரிவு தகுதி மாறும். தகவல் கையேட்டில் பிரிவுவாரி அட்டவணையைப் பார்க்காமல் கட்டணம் கட்டாதீர்கள். அகமதாபாத்துக்கு சீட் செல்லாது, அதற்கு டிஏடி என்று தனித் தேர்வு, முதன்மை என்று இரண்டாம் கட்டமும் உண்டு.

சீட் அமைப்பு பி.எஃப்.ஏ.காரர்களுக்கு ஒரு வகையில் சாதகம், ஒரு வகையில் பொறி. பகுதி ஏ கணினியில், ஒரு மணி நேரம், 150 மதிப்பெண். பகுதி பி கையால், இரண்டு மணி நேரம், 5 கேள்விக்கு 20 வீதம் 100. இறுதிக் கணக்கில் பி-க்கு 75 சதவீத எடை, வரையத் தெரிந்தவருக்கு நல்லது. ஆனால் ஏ-யில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பி தாளைத்தான் திருத்துவார்கள். சுற்றும் கனசதுரம், பற்சக்கரம், தர்க்கம் என்று ஏ-யில் வருவதைச் சட்டை செய்யாமல் வரைதலை மட்டும் பழகினால், வரைந்தது உறை பிரியாமலே கிடக்கும். பி-யிலும் அழகான படம் தேடுவதில்லை. ஒரு கேள்விக்கு 24 நிமிடம், நிழல் தீட்டி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி போய்விடும்.

ஐஐடிகளில் கற்பித்தல் உதவிப் பணியோடு மாதம் 12,400 ரூபாய் வரும் இடங்கள் உண்டு. அகமதாபாத்தில் அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், இரண்டரை ஆண்டுச் செலவு முழுக்க உங்களுடையது என்றே வையுங்கள்.

#16 வழிப்போக்கன்_மதுரை

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வருடாவருடம் தடுக்கி விழும் இடம் ஒன்று. நம்மிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் ஐஐடிக்கும் அகமதாபாத்துக்கும் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி என்சிஎல் (கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, முதலில் அதைச் சரிபாருங்கள். வருமான வரம்பும் அங்கே உண்டு. சான்றிதழ் அவர்கள் குறிப்பிடும் தேதிக்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும், போன வருடத்தது கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இ-சேவையில் விண்ணப்பித்து தாசில்தார் அலுவலகத்தில் நகர வாரக்கணக்கில் ஆகலாம். விண்ணப்பம் திறக்கும் முன்பே தொடங்குங்கள்.

#17 எண்கணக்கன்

கவின்கலை, தனியாரிடமிருந்து அட்டவணை வந்தால் இங்கே போடுங்கள், ஆசிரியர் பெயர்களை மறைத்துவிட்டு. ஸ்டூடியோ மணி, நிரந்தர ஆசிரியர் எடுக்கும் மணி, இரண்டையும் பிரித்துக் கூட்டிச் சொல்கிறேன். வராவிட்டால் இரண்டாமாண்டு மாணவர் யாரிடமாவது கேளுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும், படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிடம்தான்.